நல்லா கவனிச்சாங்க

கேண்டீன் அக்கா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் அவர் மகன், “எழுதுங்க அங்கிள். அம்மா பேரு மட்டும் வேணாம்” என்றான். அதனால் பெயர் இல்லை. பெயர் தெரிந்தவர்களும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் நீதிமன்றத்தில் நீதிபதியின் காரோட்டி முதல் கைவிலங்கோடு வரும் ஆசாமி வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இருந்தும் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். ஒருவரை ஒருவர் மூத்தவராக்கிக்கொண்டே இருபது வருடம் ஓட்டினோம்.

நான் அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளன். சாட்சி தமிழில் சொல்வதை மலாயில் சொல்வதும், நீதிபதி மலாயில் கேட்பதைத் தமிழில் சொல்வதும் என் வேலை. அக்காவின் வேலை பின்பக்கக் கேண்டீனில் தேநீர் கலக்குவது. அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. தமிழில் எதையும் நேராகச் சொல்ல மாட்டார். நினைப்பதற்கு நேர்மாறாகத்தான் வாயில் வரும்.

எனக்கு நீரிழிவு வந்த பிறகு பாலும் சர்க்கரையும் இல்லாத ‘தே ஓ கொசோங்’தான் கேட்பேன். கிளாஸைக் கொண்டுவந்து டக்கென்று வைப்பார்.

“நாலு கரண்டி சக்கர போட்டிருக்கேண்ணே. குடிச்சிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.”

துளி இனிப்பு இருக்காது.

மழையில் தொப்பலாக நனைந்து வருகிறவரிடம், “வெளிய வெயிலு ரொம்பவோ?” என்பார். கேட்டுக்கொண்டே துண்டை எடுத்து நீட்டுவார். வழக்கில் தோற்று வரும் வக்கீலைப் பார்த்தால், “ஜெயிச்ச மூஞ்சி எப்படி மின்னுது பாருங்க” என்று சொல்லிவிட்டு, தட்டில் ஒரு வடையைக் கூடுதலாக வைப்பார். கோலாலம்பூரிலிருந்து புதிதாக வந்த ஓர் இளம் வக்கீல் ஒருநாள் ஒன்பது மணிக்கு மேல் சாவகாசமாகச் சாப்பிட உட்கார்ந்தார். “மெதுவா சாப்பிடுங்க தம்பி. ஜட்ஜு உங்களுக்காகக் கால் கடுக்க நிப்பாரு” என்றார் அக்கா. அந்தப் பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் பக்கத்து மேசையிலிருந்து, “கோவிச்சுக்காதீங்க. அக்கா சொல்றதத் திருப்பிப் போட்டுக் கேக்கணும். சீக்கிரம் ஓடுங்கன்னு அர்த்தம்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“இங்கயும் உங்களுக்கு டூட்டியாண்ணே? கவர்மெண்டு சம்பளத்தக் கூட்டிக் குடுக்கப்போவுது, பாருங்க” என்றார் அக்கா.

இன்னொரு விஷயம் இருக்கிறது. பின்னால் நடந்ததற்கு அது முக்கியம். அக்கா மலாயில் இப்படிப் பேச மாட்டார். அவருக்குத் தெரிந்தது சந்தை மலாய். அதில் தலைகீழாகப் பேசுகிற அளவுக்கு அவரிடம் வார்த்தைகள் இல்லை. மீன்காரர் வந்தால், மீன் நாறுகிறது, வேண்டாம், நாளைக்கு வா என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுவார். மலாய் பேசும்போது குரல்கூடச் சிறுபிள்ளைக் குரல் மாதிரி இருக்கும். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கும்.

அவருக்கு ஒரே மகன். கணவர் லாரி விபத்தில் போன பிறகு அக்காவுக்கு உலகம் அவன்தான். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்ததும் ராணுவத்தில் சேரப்போகிறேன் என்றான். நம் பிள்ளைகள் அதிகம் போகாத இடம் அது. அக்கா ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு அவரே விடியற்காலையில் அவனை எழுப்பி ஓடவிட்டார்.

ஆள் சேர்ப்புக் குழு பினாங்குக்கு வந்த அன்று முதன்முறையாகக் கேண்டீனுக்கு லீவு போட்டார். பையனுக்கு எடை ஒரு கிலோ குறைந்தது. தராசில் ஏற்றுவதற்கு முன் வெளியே நிறுத்தி ஒன்பது வாழைப்பழமும் ஒரு பெரிய போத்தல் தண்ணீரும் கொடுத்திருக்கிறார். எடை சரியாக வந்துவிட்டது.

“தராசுல ஏறுனது எம் மவன் இல்லண்ணே, வாழத்தாரு. அதத்தான் ஆர்மிக்கு எடுத்திருக்காங்க. இனிமே நாடு எங்க தப்பிக்கப்போவுது!” என்றார் மறுநாள். அவ்வளவு பெருமையாக நான் அவரைப் பார்த்ததில்லை.

பையனுக்குப் பதினெட்டு முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்ததால் பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்டிருந்தார்கள். கடிதம் மலாயில் இருந்தது. கேண்டீன் மேசையில் வைத்து அதை வாசித்துச் சொன்னேன்.

“மகன் ராணுவத்துல சேர உங்களுக்குச் சம்மதமான்னு கேக்குறாங்கக்கா.”

“சம்மதமே இல்லன்னு எழுதுங்க. ஒத்தப் புள்ளைய வச்சுக்கிட்டு இடமில்லாமத்தானே தவிக்கிறேன். தூக்கிக்கிட்டுப் போவட்டும்.”

சொல்லிக்கொண்டே ஈரக்கையைத் துடைத்துவிட்டுப் பேனாவுக்குக் கை நீட்டினார். கண் கலங்கியிருந்தது. நான் ‘சம்மதம்’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். அவர் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார்.

அன்று நான் அவரைச் சரியாக மொழிபெயர்த்தேன். அவர் பேச்சு எனக்குப் புரியவில்லை என்று பிறகு சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சீருடையில் எடுத்த படம் வந்ததும் அதைச் சர்க்கரை டின்னுக்கு மேலே சுவரில் ஒட்டினார். யாராவது கேட்டால், “தெரியலையே, யாரோ ஒட்டிட்டுப் போயிட்டான். பாக்க நல்லாவே இல்ல” என்பார். ஆவி பட்டுச் சுருங்காமலிருக்கப் படத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்.

முகாமிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடம் போனில் பேச விடுவார்கள். ஏழாவது வாரம், திங்கட்கிழமை மதியம், கூட்டம் குறைந்த பிறகு அக்கா என் மேசைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். அவர் வாடிக்கையாளர் மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“நேத்து பேசுனாண்ணே. ‘இங்க நல்லா கவனிக்கிறாங்கம்மா’ன்னான். மூணு பேரு சேந்து கவனிச்சாங்களாம்.”

பையன் தாயிடம் பேசக் கற்றவன். தமிழ் தெரிந்த யாருக்கும் இதற்கு அகராதி வேண்டாம். ‘ஆளை நல்லா கவனிச்சு அனுப்பு’ என்று ஒரு ரவுடி சொன்னால் எலும்பு முறியும் என்பது நமக்குத் தெரியும்.

“யாராம்?” என்றேன்.

“கேட்டேன். பக்கத்துல ஆளு நிக்குதும்மா, வைக்கிறேன்னுட்டான்.”

வியாழக்கிழமை முகாமிலிருந்து தகவல் வந்தது. பையன் படிக்கட்டில் தவறி விழுந்துவிட்டான், தலையில் அடி என்றார்கள். ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்து எழுந்தான். இடது காது போய்விட்டது. முகாமில் இருந்த நாட்களில் ஒன்றுகூட அவன் நினைவில் இல்லை.

பத்திரிகையில் செய்தி வந்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அமைச்சு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். ஒரு டாக்டரும் ஒரு ராணுவ அதிகாரியும் உறுப்பினர்கள். பையன் விழுந்தானா, அதற்கு முன்பே அடிக்கப்பட்டானா என்பதுதான் கேள்வி. முகாமில் யாரும் எதையும் பார்க்கவில்லை. பையனுக்கு நினைவில்லை. எஞ்சியது அந்த ஞாயிற்றுக்கிழமை போன் பேச்சு. அதைக் கேட்ட ஒரே காது அக்காவுடையது.

குழு பினாங்குக்கு வந்து அவரிடம் சாட்சியம் எடுக்க முடிவு செய்தது. தமிழ் மொழிபெயர்ப்புக்கு என்னை அழைத்தார்கள். நான் ஓய்வு பெற அப்போது ஐந்து மாதம் இருந்தது.

அக்கா முந்தின நாளே என்னிடம், “நான் மலாயிலயே சொல்லிர்றேண்ணே. அவனுக்கு அடி விழுந்துச்சுன்னு சொல்லத் தெரியும். அது போதும்லா?” என்றார். மலாயில் சொல்லியும் காட்டினார். “டியா கெனா புக்குல்.” மூன்று சொல். அவன் அடி வாங்கினான். அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

நான்தான் வேண்டாம் என்றேன். “பெரிய விசாரணைக்கா. சந்தை மலாயெல்லாம் பேசக்கூடாது. ஒரு வார்த்த தப்பா விழுந்தா அதுவே பதிவாயிடும். உங்க தாய்மொழியில சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. நான் பக்கத்துலதானே இருக்கப்போறேன்.”

முப்பத்தொரு வருட அனுபவம் பேசியது. தமிழ்ப் பெருமையும் பேசியது. அக்கா தலையாட்டினார்.

சாட்சியை எனக்குத் தெரியும் என்று குழுவிடம் முறைப்படி சொன்னேன். “பினாங்கில் யாருக்கு யாரைத் தெரியாது?” என்று தலைவர் சிரித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பெயரும் வயதும் கேட்டு முடித்து, என்ன வேலை என்று கேட்டார். அக்காவுக்கு உள்ளுக்குள் நடுக்கம். நடுங்கினால் கேலிதான் முதலில் வரும்.

“ஜட்ஜு வேலதான். வேற என்னா வேல? டீத்தண்ணி கலக்குற ஜட்ஜு.”

நான், “நீதிமன்றக் கேண்டீனில் வேலை” என்று மலாயில் சொன்னேன்.

தலைவர் கையைத் தூக்கினார். “ஜட்ஜ் என்று ஒரு சொல் கேட்டதே?”

“வேடிக்கையாகச் சொன்னார், ஐயா. அவர் சுபாவம் அது. சொல்வதற்கு எதிராகப் பொருள் கொள்ள வேண்டும்” என்றேன்.

ராணுவ அதிகாரி புருவத்தை உயர்த்தினார். தலைவரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “சாட்சி உங்களுக்குத் தெரிந்தவர். அதனால்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர் சொல்வதை மட்டும் சொல்லுங்கள். அதற்கு என்ன பொருள் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.”

குறிப்பெடுத்த இளம் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. முப்பத்தொரு வருடத்தில் யாரும் என்னை அப்படிப் பேசியதில்லை. காது சூடாகிவிட்டது. வார்த்தை மட்டும்தானே வேண்டும், வாங்கிக்கொள்ளுங்கள் என்று மனம் முறுக்கிக்கொண்டது.

மகன் போனில் சொன்னதை அப்படியே சொல்லும்படி அக்காவைக் கேட்டார்கள். அவர் அப்படியே சொன்னார். நல்லா கவனிக்கிறாங்கம்மா. மூணு பேரு சேந்து கவனிச்சாங்க. நானும் அப்படியே சொன்னேன். அவனை நன்றாகப் பராமரிக்கிறார்கள், மூன்று பேர் சேர்ந்து பராமரித்தார்கள் என்று என் மலாய் சுத்தமாக வந்தது.

டாக்டர் தன் கோப்பைப் புரட்டினார். அந்த வாரம் பையனுக்குக் காய்ச்சல் இருந்தது என்றும், உடன் பயிற்சி பெற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றும் முகாம் அறிக்கையில் இருந்ததாம். தலைவர், “அப்படியானால் அவனை நன்றாகவே பார்த்துக்கொண்டார்களா?” என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார். என்ன இப்படிக் கேட்கிறார்கள் என்ற பார்வை. பிறகு கோபம் வந்துவிட்டது.

“ஆமா ஆமா! ரொம்ப நல்லா! தங்கத்தட்டுல வச்சுத் தாங்குனாங்க! எனக்குச் சந்தோசம் தாங்கல!”

குரல் உடைந்தது. தாய்க்கு அழுகை வந்துவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். நான், “ஆமாம். மிகவும் நன்றாக. தங்கத்தட்டில் வைத்துத் தாங்கினார்கள். எனக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி” என்றேன்.

ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. இன்றும் யாரும் என் மொழிபெயர்ப்பில் பிழை காட்ட முடியாது. ‘ஐயா, மன்னிக்க வேண்டும், தமிழில் கவனிப்பது என்றால் அடிப்பது என்றும் பொருள் உண்டு’ என்று எழுந்து நின்று சொல்ல அரை நிமிடம் போதும். ஒருமுறை ஒரு சைக்கிள் திருடனுக்காக அப்படி எழுந்து நின்றிருக்கிறேன். அக்காவுக்காக நிற்கவில்லை. ரோஷம் முதல் காரணம். மறுபடி அந்தக் குரலில் ஒருமுறை பேச்சு வாங்கிவிடுவேனோ என்ற பயம் இரண்டாவது. மூன்றாவது காரணம் ஒன்றைப் பல வருடம் தேடினேன். கிடைக்கவில்லை.

மதியம் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள். கையெழுத்துக்கு முன் நான் அதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு அது. நல்லா பாத்துக்கிட்டாங்க என்ற இடத்தில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அப்படியாண்ணே எழுதியிருக்கு?”

“நீங்க சொன்ன வார்த்ததான்க்கா.”

தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அதிகாரிகள் காத்திருந்தார்கள். அவருக்கு அந்த இடத்தில் என்னைத் தவிர வேறு யாருடைய பேச்சும் முழுதாகப் புரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் கொடுத்தார்.

“நல்லா சொன்னீங்கண்ணே.”

அறிக்கை மூன்று மாதத்தில் வந்தது. தவறி விழுந்தது, துன்புறுத்தலுக்கு ஆதாரம் இல்லை, தாயே அவன் நன்றாகப் பராமரிக்கப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார். பையனை உடல் தகுதியில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. யாரிடமும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. ஆனால் நான் ஓய்வு பெறும் வரை, என்னிடம் மட்டும், நேராகப் பேசினார்.

“வாங்க. டீயா?”

“ஆமாக்கா.”

“சக்கர வேணுமா, வேணாமா?”

“வேணாம்.”

சர்க்கரை இல்லாத தேநீர் வரும். பக்கத்து மேசையில் வக்கீல்களிடம் வழக்கம்போல் எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பார். என் மேசைக்கு வந்தால் மீன்காரரிடம் பேசுகிற அக்கா. அதைத் தாங்க முடியாமல் கடைசி வாரங்களில் நான் வெளியே போய்த் தேநீர் குடித்தேன்.

ஓய்வுக்குப் பிறகு கடலுக்கு அந்தப் பக்கம், சுங்கை பாக்காப்பில் மகள் வீட்டோடு இருந்துவிட்டேன். பதினோரு வருடம் கழித்து, ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனைக்கு வரிசையில் இருந்தபோது ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் பேசியதும் வலது காதை என் பக்கம் திருப்பினான். எனக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கும் என்னைத் தெரிந்திருந்தது.

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பொருள் பிரிக்கும் வேலை என்றான். அம்மாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, கேண்டீனை விட்டு நாளாகிறது என்றான். பிறகு தானாகவே சொன்னான்.

“அம்மா இன்னும் என்னைய அடிச்சாங்க அடிச்சாங்கன்னே சொல்லிக்கிட்டு இருக்காங்க அங்கிள். நான் போன்ல சொன்னேனாம். அப்ப விசாரணையில ஏம்மா சொல்லலன்னு கேட்டேன். ‘சொன்னேன், எழுதுறப்ப விட்டுப்போச்சு’ங்கிறாங்க. ரிப்போர்ட்ட நான் படிச்சிருக்கேன். நல்லா பாத்துக்கிட்டாங்கன்னு அவங்களே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. என் மனசு நோகக்கூடாதுன்னு பின்னாடி கட்டுன கதை அது. கால் தடுக்கி விழுந்தவன் நான். படிக்கட்டு ஏறத் தெரியாதவனெல்லாம் சோல்ஜர் ஆவ முடியுமா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

எழுதுறப்ப விட்டுப்போச்சு. என்னைக் காட்டிக்கொடுக்காமலிருக்கத் தன் மகனிடம் பொய்க்காரி ஆகியிருக்கிறார். என் எண் வந்தபோது நான் எழுந்து போகவில்லை. கண் பரிசோதனை இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போனது.

ஒரு வாரத்தில் சத்தியப் பிரமாணக் கடிதம் எழுதி முடித்தேன். அவர் சொன்ன தமிழ்ச் சொல், அதன் உண்மைப் பொருள், அது எனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை. எல்லாவற்றையும் மலாயில் வரிசையாக எழுதி சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டேன். ஒரு பிரதியை அமைச்சுக்கு அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அதற்குமேல் இன்றுவரை எதுவும் வரவில்லை. இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு பஸ்ஸிலும் ஃபெர்ரியிலுமாக ஒரு சனிக்கிழமை காலை அவர் ஃபிளாட்டுக்குப் போனேன்.

அக்கா மெலிந்திருந்தார். “வாங்க. உக்காருங்க” என்றார், நேராக. மகன் விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தான். கடிதத்தை மேசைமேல் வைத்து, “தம்பி, இத அம்மாவுக்குப் படிச்சுச் சொல்லு” என்றேன்.

அவன் மலாயில் ஒரு வரி படிப்பான், தமிழில் சொல்வான். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். “சாட்சி சொன்ன ‘கவனிச்சாங்க’ என்ற சொல்லுக்கு, அந்த இடத்தில், அடித்தார்கள் என்பதே பொருள்” என்ற வரிக்கு வந்ததும் நின்றுவிட்டான். அதை மறுபடி மலாயில் படித்தான். தமிழில் சொல்லவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தான்.

“நீ சொல்லியிருக்கம்மா.”

“இல்லையே. நாந்தான் கதை கட்டுறவளாச்சே” என்றார் அக்கா.

அவன் எழுந்து போய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தான். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். அக்கா அவனுடைய கேட்காத காதைத் தடவிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் என் பக்கம் திரும்பினார்.

“பதினோரு வருசந்தானே ஆச்சு. என்னாண்ணே இவ்வளவு அவசரம்? மூச்சு வாங்க ஓடி வந்திருக்கீங்க.”

“என்னைய மன்னிச்சிருங்கக்கா” என்றேன்.

“மன்னிக்கவே மாட்டேன். போங்க, எந்திரிச்சுப் போங்க.”

சொல்லிவிட்டு, மகனின் தோளைப் பிடித்து எழுந்து அடுப்படிக்குப் போனார். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. கிளாஸைக் கொண்டுவந்து என் முன்னால் டக்கென்று வைத்தார்.

“நாலு கரண்டி சக்கர போட்டிருக்கேன். குடிச்சிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.”

குடித்தேன். துளி இனிப்பு இல்லை.